அன்னம்மா வடகம் போட்டால் மழை

கேம்பல் லேனில் மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அன்னம்மா மாடியில் வடகம் போட்டிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தால் போதும். போட்டிருந்தால் மழை நிச்சயம்.

இப்படித்தான் தெருவே பேசிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு மைமூனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மைமூனுக்குப் பதினொரு வயது. அந்தத் தெருவில்தான் பிறந்தாள். கீழே கடை, மேலே வீடு என்றிருந்த ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் உம்மா, வாப்பா, தம்பி ரவூப் எல்லாரும் குடியிருந்தார்கள். வாப்பா தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ரவூப் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? தின்றான். ஆறு வயதில் வேறென்ன வேலை?

அதே மாடியின் பின்னறைக்குக் குடிவந்தவர்கள்தாம் மருதப்பனும் அன்னம்மாவும். மருதப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. அன்னம்மா புதுப்பெண். தை மாதம் கல்யாணம் முடிந்து, மாசியில் கப்பலேறி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தாள். அது 1960ஆம் ஆண்டு.

வந்த மறுநாளே மைமூனைப் பிடித்து உட்காரவைத்துத் தலைபின்னிவிட்டாள். "உனக்கு என்ன முடி கண்ணு, தேங்காய் நார் மாதிரி!" என்று சொல்லிச் சிரித்தாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மைமூன் கடித்தே வைத்திருப்பாள். அன்னம்மா அக்கா சொன்னபோது அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. அன்று முதல் இருவரும் இணைபிரியாத கூட்டாளிகள்.

வினை வடகத்தில் வந்தது.

எதிர்வீட்டு முத்தாயி பெரியம்மாவின் மகனுக்கு வைகாசியில் கல்யாணம். முத்தாயி பெரியம்மா பூக்கடை வைத்திருந்தாள். குரலை உயர்த்தினால் சிராங்கூன் ரோட்டில் போகிற டிரைஷா சைக்கிள் வண்டிகூட நிற்கும். அவள் ஒருநாள் அன்னம்மாவிடம் வந்து, "உங்க ஊர்ப் பக்கம் கூழ் வடகம் நல்லா போடுவாங்களாமே? எங்க கல்யாணத்துக்கு நீதான் போட்டுத் தரணும். அரிசி நான் தர்றேன்," என்றாள்.

அன்னம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு கல்யாணத்துக்கு அவள் கைப்பக்குவம்!

"சித்திரை பிறக்கட்டும் பெரியம்மா. எங்க ஊர்ல சித்திரைன்னா வானம் துடைச்சு வச்ச தாம்பாளம் மாதிரி இருக்கும். ஒரே வெயில்ல வடகம் கலகலன்னு காஞ்சிடும்," என்றாள்.

சித்திரை பிறந்தது. அன்னம்மா அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, பச்சைமிளகாய், சீரகம், பெருங்காயம் எல்லாம் சேர்த்து, சமையலறைக்கு மேலே இருந்த தட்டை மாடியில் வேட்டியை விரித்தாள். கரண்டி கரண்டியாகக் கூழை வட்டமாக ஊற்றினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. "பார்த்தியா, சித்திரை சித்திரைதான்!" என்றாள்.

காக்கையையும் மைனாவையும் விரட்ட ரவூபைக் காவலுக்கு வைத்தாள். காக்கை தின்றதைவிடக் காவல்காரன் தின்றதே அதிகம்.

மத்தியானம் மைமூன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோது வானம் கறுத்தது. ஓடினாள். மாடிப்படி ஏறுவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"அக்கா! வடகம் மறுபடி கூழாயிடுச்சு!" என்று மேலேயிருந்து ரவூப் கத்தினான்.

சரி, ஒருநாள் அப்படி என்று விட்டுவிடலாம். அன்னம்மா இன்னொருநாள் போட்டாள். அன்றும் மத்தியானம் இடி, மின்னல், மழை. வேட்டியோடு எல்லாம் ஊறிப்போயிற்று.

முத்தாயி பெரியம்மா தன் மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "பாவம், நல்ல பொண்ணுதான். ஆனா கைராசி இல்லையே! கல்யாண வேலையில அவளை எதையும் தொடவிடக் கூடாது."

அன்னம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அன்று மாலை மைமூன் பின்னறைக்குப் போனபோது அன்னம்மா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தகரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே மடித்த புடவைகள்.

"என்னக்கா இது?"

"அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிடுங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் கண்ணு. ராசியில்லாதவள்னு பேரெடுத்துட்டு இந்தத் தெருவுல எப்படி நடமாடுவேன்? நான் கை வச்சாலே மழை வருதே!"

அக்கா போய்விடுவாளா? நாளைக்கு யார் தலைபின்னுவார்கள்? யாரோடு பேசுவது? மைமூனுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"மழை உங்க கையைப் பார்த்தா வருது? நேத்து நீங்க வடகம் போட்டீங்களா?"

"இல்லையே."

"நேத்தும் மழை வந்துச்சு! முந்தாநாளும் வந்துச்சு! எனக்குத் தெரியாதா? பள்ளி விட்டு வந்ததும் கொடியில காயற துணியை எடுக்கறது என் வேலை. இந்த மாசம் முழுக்க மத்தியானமானா மழைக்கும் எனக்கும் ஓட்டப்பந்தயம்தான்லா. அப்பல்லாம் யாரு கைராசி? என் கைராசியா?"

அன்னம்மா அழுகையை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். "ஆமா... நேத்தும் வந்துச்சு இல்ல?"

"நீங்க போட்ட அன்னிக்கு மட்டும் எல்லாரும் பார்க்கறாங்க. போடாத அன்னிக்கு யாரும் பார்க்கறதில்ல."

"ஆனா சித்திரையில எப்படிடி மழை வரும்? எங்க ஊர்ல ஐப்பசியிலதானே வரும்?"

"தெரியலக்கா. ஆனா கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் பெட்டியை மூடுங்க," என்றாள் மைமூன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். அவசரத்தில் சிலிப்பரைப் போட மறந்துவிட்டாள். "ஐயோ அம்மா!" தரை அடுப்பாகக் கொதித்தது. குதித்துக் குதித்துப் போய் மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு காலையும் விட்டாள். அப்பாடா! ஜில்லென்று இருந்தது.

தொட்டியில் நின்றபடியே மைமூன் யோசித்தாள். ஒரே வெயில். தரை கொதிக்கிறது, தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் சொன்னாரே, "நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெல்லச் சூடாகும்" என்று! பரீட்சையில் அதை அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். ஆனால் இப்போதுதான் அவள் பாதத்துக்குப் புரிந்தது.

துணியை அள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். அன்னம்மா கஞ்சிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்து, சொட்டுச் சொட்டென்று விழுந்தது.

"அக்கா, அதேதான்! அசையாதீங்க!"

அன்னம்மா மூடியோடு சிலையாக நின்றாள். "என்னடி, பூரானா?"

"இல்லக்கா, மழை!"

மைமூன் அரிசிமாவை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள். "இது நம்ம தீவு. சுத்தியும் கடல். மேல இது ஜொகூர், மலாயாக் கரை. காலையில இருந்து வெயில்ல தீவு நம்ம மாடி மாதிரி சூடாகுது. கடல் தொட்டித் தண்ணி மாதிரி குளிர்ச்சியா இருக்குது. தீவுல சூடான காத்து மேல போகுது. அந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமும் கடல்ல இருந்து ஈரக்காத்து ஓடி வருது. அதுவும் சூடாகி மேல போகுது. மேல போய்க் குளிர்ந்து, இதோ உங்க மூடியில கோத்த மாதிரி மேகமாகுது. மத்தியானம் கொட்டுது!"

அன்னம்மா வட்டத்தையே பார்த்தாள். "எங்க ஊரு?"

மைமூன் எட்டிப் போய்ச் சமையலறைக் கதவோரம் ஒரு புள்ளி வைத்தாள். "அங்க. கடல்ல இருந்து தூரம். சுத்தியும் காஞ்ச நிலம். சித்திரையில ஈரக்காத்து அவ்வளவா வர்றதில்ல போல."

"அப்ப என் கை மேல ஒண்ணும் குத்தமில்லையா?"

"கைக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க ஊர்ச் சித்திரையை இங்க கொண்டுவந்து பார்த்தோம், அதான் குத்தம்."

அதற்குள் ரவூப் விரலை வைத்து ஜொகூரை நக்கிவிட்டான்.

திட்டம் தயாராயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே கூழ் காய்ச்ச வேண்டும். வெளிச்சம் வந்ததும் ஊற்றிவிட வேண்டும். உச்சி வெயிலுக்குள் வடகம் தோல் கட்டிவிடும். மேகம் சேருமுன் வேட்டியோடு சுருட்டாமல் தூக்கி உள்ளே கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிடலாம். மிச்சத்தை அடுத்தடுத்த காலைகளில் காயவைத்தால் ஆயிற்று.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது வீண் போகல," என்றாள் உம்மா.

ஞாயிறு வந்தது. கிழக்கு வெளுத்தபோது மைமூனும் அன்னம்மாவும் மாடியில் இருந்தார்கள். வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, முதல் இரண்டு வரிசை ஊற்றியிருப்பார்கள்.

திடீரென்று மேற்கேயிருந்து ஒரு குளிர்காற்று வீசியது. மைமூன் திரும்பிப் பார்த்தாள். மேற்கு வானத்தில் கன்னங்கரேலென்று ஒரு மேகம், சுருட்டிய பாய் போல உருண்டு வந்துகொண்டிருந்தது.

"அக்கா, பானை! பானையைத் தூக்குங்க!"

பானையை உள்ளே கொண்டுபோகத்தான் நேரம் இருந்தது. காற்று வேட்டியைக் கல்லோடு பிடுங்கியது. வேட்டி ஒரு வெள்ளைப் பேயைப்போலத் தெருவைத் தாண்டிப் பறந்தது. பறந்து போய் எங்கே விழ வேண்டும்? முத்தாயி பெரியம்மாவின் சன்னலில்தான்! பச்சென்று ஒட்டிக்கொண்டது, கூழோடு.

"எவடி அவ?" என்று உள்ளேயிருந்து குரல் இடித்தது. வானத்து இடி அதற்குப் பிறகுதான் வந்தது.

மழை விளாசித் தள்ளியது. நின்றதும் முத்தாயி பெரியம்மா சொட்டச் சொட்ட வேட்டியை ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தாள். நெற்றியில் ஒரு சீரகம் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

"மத்தியானம்தான் மழையைக் கூட்டினாள்னா, இப்ப விடியக்காலையிலயும் கூட்டிட்டாளே! போதும் தாயி. நான் கடையில அப்பளம் வாங்கிக்கறேன்," என்றாள். வேட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்னம்மா மெல்லப் பெட்டியின் பக்கம் நடந்தாள்.

மைமூனுக்கு உயிரே போய்விட்டது. விடியற்காலையில் போடச் சொன்னது யார்? அவள்தானே! உதவி செய்யப்போய் அக்காவை இன்னும் அழவைத்துவிட்டாளே! யார் முகத்திலும் விழிக்க முடியாமல் மாடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கீழே தெருவில் வாப்பா யாரிடமோ சொல்வது கேட்டது: "இது நம்ம ஊரு மழை இல்ல. சுமத்ரா. அந்தப் பக்கத்து மலையிலயும் நீரிணையிலயும் ராத்திரியே உருவாகி, கடல் தாண்டி வந்து அடிச்சிட்டுப் போகுது."

சுமத்ரா! மைமூன் நிமிர்ந்தாள். வகுப்பில் இருக்கும் வரைபடம் கண்முன் வந்தது. சிங்கப்பூர் ஒரு கடுகு. அதற்கு மேற்கே, நீரிணைக்கு அப்பால், நீளமாக ஒரு பெரிய தீவு. அப்படியானால் மழை இரண்டு வகை. மத்தியான மழை, நம் தீவே சமைக்கிற மழை. விடியற்கால மழை, பக்கத்து வீட்டில் சமைத்து அனுப்புகிற மழை.

சூரியன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வெயில் ஏறியது. அப்போதுதான் மைமூனுக்கு ஒன்று உறைத்தது. அவள் வெறுங்காலோடு நிற்கிறாள். கால் சுடவில்லை! தரை தொட்டித் தண்ணீரைப்போலவே ஜில்லென்று இருந்தது.

தரை சூடாகவில்லை என்றால்? ஊரே மழையில் நனைந்து இப்படித்தானே குளிர்ந்து கிடக்கும்! அப்புறம் காற்று எப்படி மேலே போகும்? மேகம் எப்படிச் சேரும்?

"ரவூப்! ரவூப்!" என்று கத்தினாள். ரவூப் வாய் நிறைய ரொட்டியோடு வந்தான். "கொஞ்ச நாளைக்கு முன்னால இதே மாதிரி விடியக்காலையில காத்தும் மழையும் அடிச்சுதே, உன் சிலிப்பர்கூட அடிச்சிட்டுப் போச்சே, அன்னிக்கு மத்தியானம் மழை வந்துச்சா?"

ரவூப் மென்றான். விழுங்கினான். யோசித்தான். "வரல. அன்னிக்குத்தான் நான் பட்டம் விட்டேன். சாயங்காலம் வரைக்கும் விட்டேன்."

மைமூன் பின்னறைக்குப் பாய்ந்தாள். "அக்கா, பெட்டியை மூடுங்க! பானையில கூழ் இருக்குல்ல? இப்பவே போடணும்!"

"இப்பவா? மத்தியானம் மழை வருமேடி. நீதானே சொன்னே?"

"இன்னிக்கு வராதுன்னு நினைக்கிறேன்க்கா. மழை இன்னிக்கு வேலையைக் காலையிலேயே முடிச்சிட்டுப் போயிடுச்சு."

"நிச்சயமா?"

பொய் சொல்ல மைமூனுக்கு மனம் வரவில்லை. "நிச்சயமில்லக்கா. ஆனா தரையைத் தொட்டுப் பார்த்தேன், வானத்தையும் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை இருக்குது. வந்துட்டா, உங்களோட சேர்ந்து நானும் திட்டு வாங்கறேன்."

அன்னம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாடி. ரெண்டு பேருமா திட்டு வாங்கலாம்."

வேட்டியை அலசி விரித்தார்கள். இந்தத் தடவை மூலைக்கு இரண்டு கல். கூழைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்கள். விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்ச் சன்னலில் முத்தாயி பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். உம்மா மட்டும் வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக மழை வருகிற நேரம் வந்தது. தெற்கே ஒரு மேகம் தலைகாட்டியது. சாம்பல் நிறம்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றாள் யாரோ ஒருத்தி.

அன்னம்மா மைமூனின் கையை இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் நொறுங்கிவிடும்போல இருந்தன. மேகம் சூரியனை மறைத்தது. மாடி இருண்டது. ரவூப் ஒரு பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வடகத்துக்குப் பிடிப்பதா, தனக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் விழித்தான்.

மேகம் அங்கேயே சற்று நேரம் நின்றது. பிறகு அது மெலிந்து, கிழிந்து, கடல் பக்கம் கரைந்துபோயிற்று. வெயில் பளிச்சென்று அடித்தது.

"அப்பாடி!" என்று தெருவில் பத்துக் குரல் ஒன்றாகக் கேட்டது. திட்டினவர்களும் சேர்ந்துதான் சொன்னார்கள்.

சாயங்காலம் வரை ஒரு பொட்டு மழை இல்லை. அன்னம்மா ஒரு வடகத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அது வேட்டியை விட்டு அழகாக உரிந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

முத்தாயி பெரியம்மா மறுபடி மாடியேறி வந்தாள். அவள் வேட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து ஒரு வடகத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் ஈரப்புடவை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"அன்னம்மா, நாளைக்குக் காலையில வடகத்தை மறுபடி காயப்போடுவேல்ல?"

"போடுவேன் பெரியம்மா. உச்சி வெயிலுக்குள்ள எடுத்துடுவேன்."

"அப்போ என் புடவையையும் பக்கத்துல போட்டுக்க. நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. கல்யாணத்துல நலங்குத் தட்டை நீதான் எடுத்துட்டு வரணும்." பிறகு மைமூனின் பக்கம் திரும்பினாள். "நீ எனக்கு ஒண்ணு சொல்லு. காலையில என் நெத்தியில சீரகம் ஒட்டியிருந்துதாமே, ஏன் யாரும் சொல்லல?"

ரவூப் குடைக்குள் மறைந்துகொண்டான்.

அன்று இரவு மருதப்பன் வேலையிலிருந்து வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கட்டுமா?"

"எதுக்கு?" என்றாள் அன்னம்மா. "நலங்குத் தட்டை யாரு எடுக்கறது?" தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதன்மேல் வடக டின் ஏறி உட்கார்ந்தது.

வைகாசியில் கல்யாணச் சாப்பாட்டில் வடகம் பூப்பூவாகப் பொரிந்து இலையில் விழுந்தது. ரவூப் எத்தனை தின்றான் என்று கேட்காதீர்கள். அவன் உம்மாவுக்கே தெரியாது.

அதன்பிறகும் கேம்பல் லேனில் துணி காயப்போடும்போது யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்னம்மா மாடியில் வடகம் போட்டிருக்கிறாளா என்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். போட்டிருந்தால் வெயில் நிச்சயம்.